வலது பக்கம் பாருங்க

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதறேன். நீ நல்லா இருக்கணும், வேளாவேளைக்குச் சாப்பிடணும், அதுதான் முதல்ல. என் உடம்புக்கு ஒண்ணும் இல்லை, மனசைப் பத்திக் கேட்டா அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கேன். போன்லயே சொல்லலாம், ஆனா நீ நடுவுல நடுவுல கேள்வி கேட்பே, நான் அழுதுடுவேன், பாதி விஷயம் சொல்லாமலே போயிடும். அதனால பொறுமையாப் படி, மாமாவுக்குப் போன் போடறதுக்கு முன்னாடி கடைசி வரைக்கும் படி.

மாமா ஓட்டற சுற்றுலா வண்டியில நான் கைடா ஏறிப் பதினாலு வருஷம் ஆச்சு. உங்கப்பா தவறிப்போன அந்த வருஷம், என் தங்கச்சிக்கு வாய் நீளம், மைக்கைக் கையில கொடுத்துப் பாருங்கன்னு முதலாளிகிட்ட நின்னு இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவரே அவர்தான். தீவைச் சுத்தி நாலு நாள், முதல் நாள் வடக்குப் பாறையில கடல்பறவை, ரெண்டாம் நாள் சதுப்புநிலப் பூங்காவுல முதலை, மூணாம் நாள் மலைக்காட்டுல மானும் காட்டெருமையும் அருவியும், நாலாம் நாள் ஆமை முட்டையிடற கரை. கண்ணை மூடிட்டு ஓட்டுவேன் இந்த ரோட்டைன்னு மாமா பெருமை அடிச்சுக்குவார். ஏழு மாசத்துக்கு முன்னாடி சதுப்புநிலத்து ரோட்டுல வலது ஓரத்துலேர்ந்து ஒரு எருமை ஏறி வருது, பாறை மாதிரி உடம்பு, மாமா வேகத்தைக் குறைக்கவே இல்லை. எருமைதான் ஒதுங்கிச்சு. நான் ஒண்ணும் கேட்கலை. அடுத்த வாரம் வண்டியில ஏறும்போது கதவோரக் கைப்பிடியைத் தடவித் தேடினார். அதைப் பத்தியும் கேட்கலை. கேட்டா பதில் வருமே, பதில் வந்தா நான் ஏதாவது செய்யணுமே.

அதுக்குப் பதிலா என்ன செய்தேன் தெரியுமா, பயணிகளைப் பார்த்து நிக்கறதை விட்டுட்டு ரோட்டைப் பார்த்து நிக்க ஆரம்பிச்சேன். வலது பக்கம் பாருங்க மான், இடது பக்கம் பாருங்க சைக்கிள்ல ஒரு வனக்காவலர், இவங்கதான் ராப்பகலா காட்டைக் காக்கறவங்கன்னு மைக்குல சொல்லுவேன், அவங்க போட்டோ எடுப்பாங்க, மாமா பிரேக்கைத் தொடுவார். ஒரு தடவை அவசரத்துல மரக்கட்டையை மான்னு சொல்லிட்டேன், முப்பது பேரும் எழுந்து நின்னு கட்டையைப் போட்டோ எடுத்தாங்க, ஒருத்தர் ரொம்ப அமைதியான மான்னு வேற சொன்னார். கைடு எங்களுக்கு முதுகைக் காட்டிட்டே வர்றாங்கன்னு கருத்துப் புத்தகத்துல எழுதிட்டுப் போனவங்களும் உண்டு. முதலாளி கேட்டப்போ இடுப்புவலி, அந்தக் கம்பியைப் பிடிச்சுட்டு நின்னாதான் தாங்குதுன்னு சமாளிச்சேன். நானும் அண்ணனும் இதைப் பத்தி ஒரு வார்த்தை பேசிக்கலை.

போன மாசம் மூணாம் நாள் பயணம். மழை விட்டு ஒரு மணி நேரம் இருக்கும், அருவியைப் பார்த்துட்டு மலையிலேர்ந்து இறங்கறோம். பின் சீட்டுல ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருத்தர், காட்டெருமைக் கூட்டத்துக்கு முன்னாடி போறது ஆணா பெண்ணான்னு கேட்டார். பதில் சொல்லத் திரும்பினேன், அவ்வளவுதான். வளைவுக்கு அப்பால மரம் விழுந்து கிடந்திருக்கு, ரோட்டு வேலை பார்க்கிற பொண்ணு ஒருத்தி வலது ஓரமா சிவப்புக் கொடியோட நின்னிருக்கா. நான் முன்னாடி பார்க்கறப்போ கொடி கண்ணாடிக்குப் பக்கத்துல இருந்துச்சு. அண்ணா நிறுத்துன்னு மைக்குலயே கத்தினேன். முன் சக்கரம் பள்ளத்துல இறங்கி நின்னுச்சு. வண்டிக்குள்ள யாருக்கும் அடியில்லை, எந்தப் பக்கம் எந்தப் பக்கம்னு போனைத் தூக்கிட்டு எழுந்துட்டாங்க, ஏதோ மிருகம்னு நினைச்சு. அந்தப் பொண்ணு தாவின வேகத்துல வாய்க்கால்ல விழுந்து மணிக்கட்டு முறிஞ்சு கிடந்தா.

பூங்கா அதிகாரி வந்து கேட்டப்போ, கண்ணாடியில மழைத்தண்ணி, கொடி தெரியலைன்னு மாமா சொன்னார். சொல்லிட்டு என்னைப் பார்த்தார். ஆமாம் சார், மழைதான்னு நானும் சொன்னேன். மழை எப்பவோ விட்டுச்சுன்னு என் செருப்புக்குக்கூடத் தெரியும்.

மூணு நாள் கழிச்சுப் பழம் வாங்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அந்தப் பொண்ணு என்னைத் திட்டுவான்னு நினைச்சேன், திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். கட்டுப்போட்ட கையை மடியில வெச்சுக்கிட்டு, அக்கா நான் இன்னும் பத்தடி முன்னாடி போய் நின்னிருக்கணுமாம், என் மேஸ்திரி அப்படித்தான் எழுதிக் கொடுத்திருக்கார், வேலைக்கு வர வேண்டாம்னுட்டாங்க, உங்க அண்ணன் வண்டியைப் பள்ளத்துல இறக்க வேண்டியதாப் போச்சே, மன்னிச்சுக்கச் சொல்லுங்கன்னா. பத்தடி முன்னாடி நின்னிருந்தா அவ பொணமாத்தான் கிடந்திருப்பா. 

நேரா மாமா வீட்டுக்குப் போய், நீயே போய் உண்மையைச் சொல்லிடு அண்ணான்னு கெஞ்சினேன். உண்ட வீட்டுக்கு ரெண்டகம் பண்ண வந்திருக்கியான்னு கேட்டார். அத்தை சமையலறை வாசல்ல நின்னு தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க. மறுநாள் காலையில நானே பூங்கா ஆபீசுக்குப் போய் எழுதிக் கொடுத்துட்டேன். மழை இல்லை, அவருக்குப் பக்கவாட்டுல தெரியறதில்லை, இது எனக்கு ஏழு மாசமாத் தெரியும், அந்தப் பொண்ணு நிக்க வேண்டிய இடத்துலதான் நின்னான்னு. அதிகாரி ரெண்டு தடவை படிச்சார். ஏழு மாசம்னு எழுதினா உங்க வேலையும் போயிடும்மா, அந்த வரியை அடிச்சுடலாமான்னு கேட்டார். இருக்கட்டும் சார்னேன். மாமா லைசென்சை நிறுத்திட்டாங்க, என் கைடு அட்டையையும் வாங்கிட்டாங்க. கை சேர்ந்ததும் அந்தப் பொண்ணு வேலைக்குப் போகலாமாம், அது ஒண்ணுதான் நடந்ததுல நல்லது.

லைசென்ஸ் போனப்புறம் மாமாவைப் பரிசோதிச்ச கண் டாக்டர் சொன்னது இது. கண்ணுக்குள்ள அழுத்தம் கூடி நரம்பு கெட்டுப் போற நோய், நேரே இருக்கறது தெளிவாத் தெரியும், ஓரப்பார்வை சத்தமே இல்லாம சுருங்கிட்டு வரும். போனது போனதுதான், மிச்சம் இருக்கறதைக் காப்பாத்தத் தினம் ரெண்டு வேளை சொட்டு மருந்து போடணும். அத்தைக்குக் கை நடுங்கும், அதனால நான் போறேன். பதினோரு நாளா மாமா கதவைத் திறந்து விடுவார், நாற்காலியில உட்கார்ந்து தலையைச் சாய்ப்பார், நான் போடுவேன், வந்துடுவேன்.  நேத்து சாயங்காலம் மருந்து போட்டுக் கண்ணை மூடினவர், மூடினபடியே, உனக்கு ஏழு மாசமாவா தெரியும்னு கேட்டார். ஆமாண்ணான்னேன். எனக்கு ரெண்டு வருஷமாத் தெரியும்னார். கண்ணோரம் வழிஞ்சது மருந்தா என்னன்னு நான் கேட்கலை, முந்தானையால துடைச்சு விட்டேன்.

நீ மாமாவுக்குப் போன் போடு, எடுக்கலைன்னாலும் மறுபடி போடு. சமாதானமும் சொல்லாதே, எனக்காகவும் பேசாதே, உன் ஆபீஸ் கதையைச் சொல்லு, கேட்டுக்கட்டும். என் வேலையைப் பத்திக் கவலைப்படாதே, நான் பார்த்துக்கறேன். ஒரே ஒரு விஷயம் மட்டும் மறக்காதே. இந்த நோய் ரத்த சொந்தத்துல வருமாம், கூடப் பிறந்தவங்களும் அவங்க பிள்ளைங்களும் கட்டாயம் காட்டணும்னு டாக்டர் சொல்லியிருக்கார். நான் வியாழக்கிழமை போறேன், நீயும் இந்த வாரமே போய்க் காட்டு. எனக்கு நல்லாத்தானே தெரியுதுன்னு மட்டும் சொல்லிடாதே, மாமா ரெண்டு வருஷமா அதைத்தான் தனக்குத்தானே சொல்லிக்கிட்டார்.

கண்ணும் கையும் காலும் ஒரு குறையில்லாம நீ நீடூழி இருக்கணும்.

உன்னையே நினைச்சுக்கிட்டிருக்கிற,
அம்மா