ஹாக்கோபோவின் வலப்பக்கம்

மே 8, வியாழன்

எங்கள் யூத சபையின் தலைவர் எதேரி வந்தார். உட்காரவில்லை.

"லீமாவுலேருந்து நம்ம மதகுருமாருங்க, ரபிங்க வராங்க, தோன்யா ஒதிலியா. உங்கப்பா நம்மாளு. அம்மா நம்மாளு இல்லையே. அம்மா வழிதான் சட்டம். கேக்கறதுக்குப் பதில் சொல்லி, ஏரியில முங்கி எழுந்துட்டா முறைப்படி நம்மளோட சேந்துடலாம்."

முங்காவிட்டால்?

"நம்ம கல்லறையில தோன் ஹாக்கோபோ பக்கத்துல இடம் தர முடியாது."

என் கணவரின் வலப்பக்கம் பதினோரு ஆண்டுகளாக எனக்காகக் காத்திருக்கிறது.

மே 11, ஞாயிறு

ஆத்திரம் அடங்கவில்லை. எங்கள் ஊர் இகித்தோஸில் நல்ல பள்ளி என்றால் அன்று கன்னியர் மடம் ஒன்றுதான். அங்கே யூதச்சி என்று கடைசி பெஞ்சில் உட்கார வைத்தார்கள். இவர்களுக்கோ நான் யூதச்சி இல்லை. அப்ப நான் யாருன்னுதான் சொல்லித் தொலைங்களேன்!

பக்கத்து வீட்டு தெய்தாமியா வேலி வழியாகச் சொன்னாள்: "முங்கினாப் போதும்னா முங்கிட்டு வாயேன் அக்கா. அப்படிப் பாத்தா அமேசான் மீனெல்லாம் யூதருதான்."

மே 21, புதன்

ரபிகள் கேட்ட எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். "யாரு சொல்லிக்குடுத்தாங்க?" என்றார் ரபி. "என் மாமியார். நீங்க பொறக்கறதுக்கு முன்னாடி."

மே 22, வியாழன்

எப்படி எழுதுவது? எழுதத்தான் வேண்டும்.

தொளதொள அங்கியோடு ஏரியில் இறங்கினேன். கரையில் சாட்சியாக ரபியின் மனைவி. குளிர்ந்த நீர் நெஞ்சைத் தொட்டதும் என் கை தானாக எழுந்தது— நெற்றி, மார்பு, இரண்டு தோள்கள். சிலுவை! சிஸ்டர்கள் பிரம்பால் பழக்கிய கை.

"என்னம்மா பண்ணினீங்க இப்ப?"

"சிலுவை போட்டேன்" என்றேன்.

மே 23, வெள்ளி

மனம் இன்னும் முழுதாக வரவில்லையாம். இரண்டு வருடம் கழித்து வரும்போது பார்க்கலாமாம். எண்பத்து மூன்று வயதுக்காரியிடம் சொல்கிறார் ரபி.

தெய்தாமியா தலையில் அடித்துக்கொண்டாள். "கொசு கடிச்சுதுன்னு சொல்லியிருக்கக் கூடாதா? உன் வீம்பு இருக்கே!"

பொய் சொல்லி நுழைய அது என் வீடில்லையா என்ன?

ஜூன் 15, ஞாயிறு

அதற்குப் பிறகு சபையிலிருந்து யாரும் என்னைப் பார்க்க வரவில்லை.

செப்டம்பர் 3, புதன்

எதேரியின் அண்ணன் போய்விட்டார். கல்லறை வேலிக்குள் வேறு இடமில்லை என்று ஹாக்கோபோவின் வலப்பக்கத்தில் புதைத்தார்கள். எதேரி என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் கடைசிவரை நின்றேன். கல்லறை வாசலில் வழக்கப்படி எல்லோருக்கும் கை கழுவ நீர் ஊற்றினார்கள், எனக்கும்தான்.

எதேரியின் அண்ணன் பேச்சை ஹாக்கோபோவால் ஒரு சாப்பாட்டு நேரம்கூடப் பொறுக்க முடியாது.