ஏழாம் எலியின் எடை

இன்று அருப்புக்கோட்டையில் கதவுக்கு மரம் பார்க்கப் போயிருந்தேன். மர அறுவை மில்லில் சாரல் நனைத்த மரத்தூளின் வாசனை. கடைக்காரர் தேக்கைப் பற்றி என்னவோ சொல்லிக்கொண்டிருந்தார். எதுவும் காதில் விழவில்லை. நான் மதுரையில், கூண்டுகளில் மரத்தூள் பரப்பிய நம் கல்லூரி ஆய்வகத்தின் எலி அறையில், உன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. நீ திருச்சுழியில் பஸ் ஏறி, வழியில் ஏறும் எனக்கும் ஜன்னலோரம் இடம் போட்டு வருவாய். வெளியே வெயிலில் கரிசல் காடு மிதப்பதுபோல் இருக்கும். மதுரை வரும்வரை பேசாமல் அதையே பார்த்துக்கொண்டு போவோம்.

அரசு அனுமதியோடு வந்த கஞ்சாவை எரித்து, அந்தப் புகையைக் கண்ணாடிப் பெட்டிக்குள் விடுவதுதான் ஆய்வு மாணவிகளான நம் வேலை. உள்ளே பால் மறந்து சில வாரங்களே ஆன ஏழு எலிகள். மனிதர்களில் விடலைப் பருவம். புகை படரப் படர அசைவு குறையும். தண்ணீருக்குள் நடப்பதுபோல் ஒரு காலை எடுத்து வைத்து, அடுத்ததை மறந்து நிற்கும். கையில் எடுத்தால் உடம்பு குளிர்ந்திருக்கும். நாள் போகப் போக, நல்ல காற்றில் வளர்ந்த எலிகளைவிட எடையிலும் பின்தங்கின. தினமும் வேலை முடிந்த பிறகும் நீ மட்டும் பெட்டியை விட்டு நகரமாட்டாய்.

ஒருநாள் ஏன் என்று கேட்டேன்.

“எந்தம்பியும் இப்பிடித்தான்டி நிக்கிறான்,” என்றாய். “பதினாறு வயசு. பரளச்சிப் பக்கம் கருவேலங்காட்டுக்குள்ள போயி இழுத்துட்டு வாரான். சட்டையெல்லாம் தொளதொளன்னு தொங்குது. அப்பாவுக்குத் தெரிஞ்சா கொன்னே போட்டுருவாக.”

எடைப் பதிவேட்டை அவனுக்குக் காட்டப் போவதாகச் சொன்னாய். அடிக்குப் பயப்படாதவன் அதற்குப் பயப்படுவான் என்று நம்பினாய்.

ஆனால் ஏழாம் எலி அந்தக் கணக்கைக் கெடுத்தது. அதே புகையில் கிடந்தும் அது மட்டும் கொழுகொழுவென்று வளர்ந்தது. “அதை விட்டுட்டு எழுதும்மா. முடிவு சுத்தமா நிக்கும்,” என்றார் பேராசிரியர்.

“அதுவும் இருந்துச்சே சார்,” என்றாய்.

அவர் முகம் கறுத்தது. உன் ஆய்வேட்டில் கையெழுத்துப் போடாமல் மாதக்கணக்கில் இழுத்தடித்தார். எனக்கே உன்மேல் கோபம். “தம்பிக்காகவாவது விட்டிருக்கலாம்ல? நல்லாப் பயந்திருப்பான்.”

“பொய் சொல்லிப் பயமுறுத்தலாம்டி. நாளைக்கு இழுத்தும் நல்லா இருக்கிற ஒருத்தன அவன் பாத்துட்டா? பெறகு நான் சொல்ற எதையும் நம்பமாட்டான்.”

ஒரு விடுமுறை நாளில் அவனைக் கூட்டிக்கொண்டு வந்தாய். ஏழு எலிகளையும் காட்டினாய். கொழுத்ததைக் கண்டதும் அவன் சிரித்துவிட்டான். “இந்தா, இது நல்லாத்தானக்கா இருக்கு! நான் இதுமாதிரி.”

“இருக்கலாம்டா. எலிக்கு நடக்கிறது மனுசனுக்கும் அப்பிடியே நடக்குமான்னும் எனக்குத் தெரியாது. ஆனா பெட்டிக்குள்ள விடும்போது இதுல எது தப்பிக்கும்னு எனக்குத் தெரியல. உனக்குத் தெரிஞ்சிருக்குமா?”

அவன் கூண்டுக் கம்பிக்குள் விரலை விட்டான். மெலிந்த எலி ஒன்று மெல்ல வந்து முகர்ந்துவிட்டு, போக மறந்து அங்கேயே நின்றது. திரும்பும் பஸ்ஸில் வழியெல்லாம் உன் தோளில் சாய்ந்து தூங்கினான்.

அன்றே விட்டுவிடவில்லை. விட்டான், மறுபடி தொட்டான், மறுபடி விட்டான். ஒவ்வொரு முறையும் உன்னிடம் வந்து ஒளிக்காமல் சொன்னான். முழுதாக விட இரண்டு வருடமாயிற்று.

போன வருடம் நீ போய்விட்ட சேதியை அவன்தான் வந்து சொன்னான். வாசலிலேயே நின்று அழுதான். “எங்கிட்ட ஒரு தடவகூட அக்கா பொய் சொன்னதில்லக்கா,” என்றான்.

நான் இப்போது கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். “மேடம், என் பிரெண்டு ரெண்டு வருசமா இழுக்கிறான், ஒண்ணும் ஆகலையே?” என்று மாணவன் யாராவது வந்து கேட்பான். முன்பென்றால் அதட்டி அனுப்பியிருப்பேன். இப்போது உட்காரவைத்து, தெரிந்ததைச் சொல்கிறேன். தெரியாததைத் தெரியாது என்றே சொல்கிறேன். சிலர் மறுநாளும் வருகிறார்கள்.