பதினொரு காரணங்களில் என்னுடையது எத்தனை

புனே, 25 மே 2025, ஞாயிறு காலை 7.40. எண்ணிக்கை: பதினொன்று.

அன்புள்ள அப்பா, அம்மாவுக்கு வணக்கம். அப்பாவின் முட்டிவலி எப்படி இருக்கிறது? நான் நலம். வியாழக்கிழமை ஆலையில் மோட்டாரைத் தாங்கும் தகடு ஒன்று விரிசல் விட்டது. கட்டைவிரலில் இரண்டே தையல்தான், சோறு பிசைய மட்டும் கொஞ்சம் சிரமம்.

தகடு நான் வரைந்தது. உடன் வேலை பார்க்கும் வத்தலக்குண்டு ராஜ்கமல் வரைபடத்தைப் பார்த்தான்.

“ஏலே, புது மோட்டார் இம்புட்டு கனம். நாலு போல்ட் எப்படிடா போதும்?”

“பழைய டிராயிங்ல நாலுதான் இருந்துச்சு.”

“அப்ப நீ எதுக்குடா இருக்க?”

சிரித்துவிட்டேன். பிறகுதான் உறைத்தது. தங்கச்சி ஸ்ரீமதிக்கு விவசாயக் கல்லூரி வேண்டாம், கம்ப்யூட்டர் படிக்கட்டும் என்று உங்களிடம் பதினொரு காரணம் அடுக்கினேன். நீங்களும் அவள் விண்ணப்பத்தை நிறுத்திவைத்தீர்கள். இன்று எண்ணிப் பார்த்தேன். ஏழு வீடியோக்களில் கேட்டவை, மூன்று ஹாஸ்டல் சீனியர்கள் சொன்னவை, ஒன்று மேனேஜருடையது. என்னுடையது பூஜ்யம்.

தங்கச்சியோ, “மல்லிகையில மொட்டுப்புழு எப்ப வருதுன்னு ரெண்டு வருசமா நோட்டுல எழுதுறேன்ணே, செத்த நேரம் பாரு” என்றாள். நான் பார்க்கவே இல்லை.

கேள்வி கேட்கக் கற்றது ராஜ்கமலிடம்தான். ஆனால் இந்தப் பதில் என்னுடையது: விண்ணப்பத்தை அனுப்புங்கள்.

அம்மா, எள்ளுப்பொடி வேண்டும். நம் ஊர்ப் பேப்பரில் சுற்றுங்கள், பழையதானாலும் படிப்பேன். ராஜ்கமல் வாசலில் கத்துகிறான்.

அவசரத்தில்,
மணிமாறன்

இனி நான் செய்யப்போவது:

1. இன்றே ஸ்ரீமதியிடம் மன்னிப்புக் கேட்பேன்.
2. அவள் நோட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி முழுக்கப் படிப்பேன்.
3. அதுவரை அறிவுரை சொல்ல வாயைத் திறக்க மாட்டேன்.