லாபத்துக்கு அப்புறம் ராசப்பன் சொன்னது

பரமத்தி வேலூர்
24-7-1984

அன்புள்ள சௌந்திரம் அக்காவுக்கு, அம்மா முத்தாயம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல, தங்கை பாவாயி எழுதுவது. இங்கே நாங்கள் எல்லோரும் சுகம். வடக்கே பிலாயில் நீயும் மாமாவும் வயிற்றில் இருக்கிற பிள்ளையும் சுகமாக இருக்க மாரியாத்தாளை வேண்டிக்கொள்கிறோம். நீ எங்களிடம் விட்டிருக்கிற உன் மகன் ராசப்பன் சளி காய்ச்சல் எதுவும் இல்லாமல் இருக்கிறான், போன மாதம் வாங்கிய டவுசர் இப்போதே இறுக்கம். சிவப்பு மாடு கிடாரிக் கன்று போட்டிருக்கிறது. இந்தக் கடிதம் அப்பாவுக்குத் தெரியாது. அவர் தண்ணீர் கட்டத் தோட்டத்துக்குப் போயிருக்கிறார், கரண்ட் ராத்திரியில்தான் வருகிறது. மோட்டார் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கிற வரைக்கும் வரமாட்டார் என்று அம்மா சொல்கிறாள், ஆனாலும் அவசரமாகத்தான் எழுதுகிறேன், எழுத்துக் கோணலாக இருந்தால் திட்டாதே.

விஷயம் இதுதான். நாலு வயதாகியும் பேசாத பிள்ளையை ஆடிப் பதினெட்டு கழிந்ததும் சேலத்தில் ஊமைப் பிள்ளைகள் படிக்கிற விடுதியில் விட்டுவிடுவது என்று அப்பா முடிவு செய்து, மாமாவின் கையெழுத்துக்காக விண்ணப்பப் பாரத்தைத் தபாலில் அனுப்பியிருக்கிறார். அதில் மாமா கையெழுத்துப் போடக்கூடாது. அம்மா இதை இரண்டு தடவை எழுதச் சொன்னாள். கையெழுத்துப் போடக்கூடாது.

சித்திரையில் சேலம் ஆஸ்பத்திரிக்குப் போனோமே, காது நன்றாகக் கேட்கிறது என்று சொன்னார்களே, அன்றைக்குப் பேச்சுப் பயிற்சி தருகிற அம்மா ஒருவர் ராசப்பனோடு தரையில் உட்கார்ந்துவிட்டார். அவன் தீப்பெட்டியைத் தள்ளினால் அவரும் தள்ளினார், ஒரு வார்த்தைகூடச் சொல்லச் சொல்லவில்லை. அவன் எதை விளையாடுகிறானோ அதையே நீங்களும் விளையாடுங்கள், நீங்கள் பேசுங்கள், பிறகு வாயை மூடிக்கொண்டு காத்திருங்கள், கேள்வி கேட்காதீர்கள் என்றார். அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. வெளையாடறதுக்கா ரெண்டு பஸ்ஸு மாறி வந்தோம் என்று கத்திவிட்டு எங்களைக் கூட்டிக்கொண்டு வந்தவர்தான், மறுபடி அங்கே போகக்கூடாது என்றுவிட்டார். அம்மாவும் அப்போது அப்பா பக்கம்தான். பளம்னு சொல்லு சாமி, அப்பத்தான் தருவேன் என்று வாழைப்பழத்தை முதுகுக்குப் பின்னால் ஒளித்து வைப்பாள். நாங்கள் எல்லோருமே அப்படித்தான் செய்தோம். கடைசியில் அவன் பழத்தைக் கண்டாலே எழுந்து போக ஆரம்பித்தான். ஒருநாள் தண்ணீருக்கும் அப்படியே செய்தோம், அவன் தாகத்தோடு தூங்கிவிட்டான். அதை எழுத வேண்டாம் என்றுதான் அம்மா முதலில் சொன்னாள், பிறகு எழுது, அவளுக்குத் தெரியட்டும் என்றாள். அன்றிலிருந்து அம்மா எதையும் ஒளிப்பதில்லை.

ஆஸ்பத்திரி அம்மா சொன்னபடி, பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நான் அவனோடு வெற்றிலைக் கொட்டகையில் உட்காருவேன். ஒதுக்கிப் போட்ட கிழிந்த இலைகளை அவன் வரிசையாக அடுக்குவான், நானும் அடுக்குவேன். வெற்றிலையை எண்ணி அடுக்கிக் கவுளி கவுளியாகக் கட்டுகிற மாரக்காள் அக்கா, பேசாத பையனும் பேசற புள்ளையும் நல்ல சோடிதான் போ என்று கேலி செய்வாள். அவள் கவுளிகளைக் கூடையில் வைக்கும்போது முதலாவதை ஒன்று என்று சொல்லாமல் லாபம் என்றுதானே சொல்லுவாள், நானும் அவன் இலையை வைக்கும்போதெல்லாம் அப்படியே லாபம், ரெண்டு, மூணு என்று எண்ணுவேன். ரெண்டு மாதத்துக்கு மேல் இப்படியே போனது. போன வெள்ளிக்கிழமை அவன் முதல் இலையை வைத்ததும் லாபம் என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டேன். லாபம் சொல்லிவிட்டு யாரும் நிறுத்தமாட்டார்கள் அல்லவா, மாரக்காள் அக்காவே தலையைத் தூக்கிப் பார்த்தாள். அவன் என் வாயையே பார்த்தான், இலையைப் பார்த்தான், ரெண்டு என்றான்.

மாரக்காள் அக்கா கையிலிருந்த கவுளியைப் போட்டுவிட்டு, ஐயோ சாமி, இன்னொருக்கா சொல்லு என்று கத்தப் பார்த்தாள். நான் அவள் தொடையைக் கிள்ளிவிட்டு மூணு என்றேன். அதற்கப்புறம் தினமும் சொல்கிறான். நேற்று அம்மாவே பக்கத்தில் உட்கார்ந்து காதால் கேட்டாள், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள். அப்பாவிடம் மட்டும் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் சந்தோஷத்தில் தெருவையே கூட்டி நிறுத்தி, சொல்றா பேராண்டி என்பார், பிள்ளை மறுபடி வாயை மூடிக்கொள்வான். அப்புறம் நான் பொய் சொன்னதாக ஆகிவிடும், விடுதிதான். பாரம் கையெழுத்தில்லாமல் வந்தால், ஆடிப் பதினெட்டன்று அவரையே கொட்டகையில் உட்காரவைத்து எண்ணச் சொல்கிறேன், அவரை நான் பாத்துக்கறேன் என்று அம்மா சொல்கிறாள். அம்மா இப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

அங்கே குளிர் ஆரம்பித்தால் சுக்குத் தண்ணீர் குடி, குடத்தைத் தூக்காதே. தீபாவளிக்கு வரும்போது வாசலிலேயே அவனைத் தூக்கி அம்மான்னு சொல்லு என்று கேட்டுவிடாதே அக்கா. பையை வைத்துவிட்டு அவன் பக்கத்தில் உட்கார். அவன் ஒரு இலையை வைப்பான். லாபம் என்று சொல்லிவிட்டுச் சும்மா இரு.

நீயும் மாமாவும் நோய் நொடி இல்லாமல் நீடூழி வாழ அம்மாவின் ஆசீர்வாதம். பாரத்தை மறக்காதே. மோட்டார் நின்றுவிட்டது, ஒட்டிவிடுகிறேன்.

இப்படிக்கு,
அம்மா முத்தாயம்மாள் கைநாட்டு
எழுதியது பாவாயி, ஒன்பதாம் வகுப்பு