பாதிப் பணம் முன்னால் கேட்டால்

எனிட், ஓக்லஹோமா

அன்பு மகன் கேலனுக்கு அம்மா எழுதுவது. நான் சாப்பிடுகிறேன், நடமாடுகிறேன், தூக்கம்தான் இல்லை. அலாஸ்காவில் நீயும் மருமகளும் சுகமாக இருந்தால் அதுவே எனக்குப் போதும். போனில் சொன்னால் பாதியிலேயே கத்த ஆரம்பிப்பாய், அதனால் எழுதுகிறேன். உன் வீட்டுக்குக் கூரை போட வருபவன் பாதிப் பணம் முன்னால் கேட்கிறான், கொடுக்கலாமா என்று கேட்டிருந்தாய். கொடுக்காதே. பத்தில் ஒரு பங்குக்கு மேல் ஒரு டாலர் கொடுத்தாலும் உன் கையை உடைப்பேன். ஓடு வாங்கப் பணம் வேண்டும் என்று அவன் மூக்கால் அழுதால், ஓடு விற்கும் கடையின் பேருக்கே செக் எழுது, ரசீதைக் கையோடு வாங்கு. மீதியெல்லாம் வேலை முடிந்து நீயே ஏறிப் பார்த்த பிறகு.

நாங்கள் செய்த லட்சணத்தைக் கேள். ஏப்ரலில் பெய்த ஆலங்கட்டி மழையில் நம் கூரை சல்லடையானதும் பிக்கெட் என்று ஒருவன் கூரை போட்டுத் தருகிறேன் என்று பளபளக்கும் வண்டியில் வந்து இறங்கினான், சமையலறையில் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஜெபம்கூடச் செய்தான், நாசமாய்ப் போகிறவன். அப்பா தன்னைப் பெரிய கெட்டிக்காரராக நினைத்துக்கொண்டு, "சரக்கு என் வாசல்ல இறங்காம ஒரு டாலர் கிடையாது" என்றார். மறுநாளே கடை லாரி வந்து தார் ஓட்டுக் கட்டுகளை இறக்கிவிட்டுப் போனது. அப்பா ஆறாயிரம் டாலரைச் சிரித்துக்கொண்டே கொடுத்தார், அது மொத்தத்தில் சரிபாதி. பிக்கெட் கடைக்குக் கொடுத்த செக்குக்கு பேங்கில் பணமே இல்லை என்பது அவன் ஊரைவிட்டு ஓடிய பிறகுதான் தெரிந்தது. கடைக்காரர்கள் சரக்கைத் திருப்பி எடுக்க அதே லாரியை அனுப்பினார்கள். ஓட்டி வந்தவன் வெஸ்லி, பள்ளியில் உன்னோடு பேஸ்பால் ஆடிய அதே வெஸ்லி.

"அங்கிள், எனக்கே இது பிடிக்கல, முதலாளி சொல்லிட்டாரு, நீங்க உள்ள போயிருங்க" என்று கெஞ்சினான். அப்பா உள்ளே போனார், நரி விரட்டும் துப்பாக்கியோடு வெளியே வந்தார். "கட்டுல கை வெச்சுப் பாரு, உன் டயரைக் கிழிச்சிடுறேன்" என்றார். நான் சன்னலிலிருந்து கத்தினேன். "நீங்க சுட மாட்டீங்க அங்கிள்" என்று சொல்லிக்கொண்டே வெஸ்லி டயருக்கு முன்னால் போய் நின்றான். துப்பாக்கி வெடித்துவிட்டது. அவன் முழங்கால் இருந்த இடத்தில் சதையும் எலும்புத் துண்டும்தான் இருந்தன, ஓட்டுக் கட்டெல்லாம் ரத்தம். என் ஏப்ரனை அவிழ்த்து அவன் தொடையை இறுக்கிக் கட்டினேன். ஆம்புலன்ஸ் போனதும் அந்தத் துப்பாக்கியைப் பிடுங்கி அதன் கட்டையாலேயே அப்பாவின் வாயில் அடித்தேன், இரண்டு பல் விழுந்தது. அதற்காக நான் கொஞ்சமும் வருத்தப்படவில்லை.

வெஸ்லியின் காலை முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். அப்படியும் அவன் ஷெரீஃபிடம், "துப்பாக்கி தவறி வெடிச்சிடுச்சு, அங்கிள் மேல தப்பு இல்ல" என்றுதான் சொன்னான். அன்றே சிறையில் அடைக்கப்பட்ட அப்பா கோர்ட்டில் வாயை மூடிக்கொண்டிருந்தால் வீட்டுக்கு வந்துவிடலாம் என்று வக்கீல் தலைதலையாய் அடித்துக்கொண்டார். போன வியாழக்கிழமை கோர்ட்டில் உன் அப்பா எழுந்து, "பையன் எனக்காகப் பொய் சொல்றான். டயரைத்தான் குறி வெச்சேன். நடுவுல அவன் வந்தது என் கண்ணுக்குத் தெரிஞ்சுது. தெரிஞ்சும் சுட்டேன்" என்றார். மறுபடியும் விலங்கு மாட்டிச் சிறைக்கே கொண்டுபோனார்கள். எத்தனை வருஷம் என்று அடுத்த மாதம் சொல்வார்கள். இத்தனை நாளும் போனில் அப்பா தூங்குகிறார், குளிக்கிறார் என்று நான் சொன்னதெல்லாம் பொய். அவர் மேல் எனக்கு ஆத்திரம் பற்றி எரிகிறது, ராத்திரி அவர் தலையணையைக் கட்டிக்கொண்டுதான் படுக்கிறேன்.

பிக்கெட்டைத் தேடிப் பிடித்து எலும்பை முறிக்கிறேன் என்று கிளம்பாதே. உனக்கும் உன் அப்பாவின் கைதான், அதை நான் பார்த்திருக்கிறேன். கர்த்தர் உங்கள் இருவரையும் காக்கட்டும், மருமகளுக்கு என் முத்தங்கள். ஒன்று மறக்காதே. சிறையில் அப்பாவைப் பார்த்தபோது நீ வருவாய் என்று சொன்னேன். "முதல்ல வெஸ்லி வீட்டுக்குப் போகச் சொல்லு. அவன் எதிர்ல உக்காந்து அந்தக் காலைப் பார்க்கட்டும். அதுக்கப்புறமும் நான் கேலனுக்கு அப்பாவா தெரிஞ்சா வரட்டும்" என்றார்.

உன் அம்மா,
நோர்மா