தமிழ் தெரிந்த தலைவி

அன்பின் அப்பாவுக்கு,

மகள் மேனகாவின் வணக்கம். நான் சுகம். இந்த மழைக்கு உங்கள் இழுப்பு எப்படி இருக்கிறது? அம்மா வேலைக்குப் போகிறாரா? இங்கே சிக்னல் இல்லாமல் போன் எடுக்காததால்தான் எழுதுகிறேன்.

கெம்பஸ் மாணவர் குழுவோடு பலாங்கொடைக்கு மேலே, மண்சரிவு நடந்த தோட்டத்துக்கு உதவி செய்ய வந்திருக்கிறோம். குழுவில் தமிழ் தெரிந்தவள் நான் மட்டும் என்பதால் என்னையே தலைவியாக்கிவிட்டார்கள். பெரிய வேலையில்லை. சாப்பாடு கொடுப்பது, மீட்பு அதிகாரி மாத்தயாமார் சிங்களத்தில் சொல்வதைத் தமிழில் சொல்வது.

தேடுவதை நிறுத்தப் போவதாக இருளாயி அக்காவிடம் சொல்லும்படி நேற்று சொன்னார்கள். அவருடைய மகள் இன்னும் மண்ணுக்குள்தான். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா கையைப் பிடித்துக்கொண்டார்.

"எங்கிட்ட சொல்லிறாதீங்க புள்ள. நீங்க சொல்ற வரைக்கும் தோண்டுவாங்கதானே?"

நான் சொல்லவில்லை. மாத்தயாவிடம் இன்னும் ஒரு நாள் தோண்டச் சொல்லிக் கேட்டேன். மலை மறுபடி இறங்கினால் தோண்டுகிறவர்களும் மண்ணுக்குள் போய்விடுவார்கள் என்றார். அதுவும் உண்மைதான். மண் தோண்டிய பெக்கோ மெஷின் திரும்பிப் போய்விட்டது.

இன்று விடிந்ததிலிருந்து அக்கா கையாலேயே மண்ணை அள்ளுகிறார். 'வாங்க' என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை.

இவ்வளவு கிட்ட வந்தும் வீட்டுக்கு வரவில்லை என்று கோபிக்காதீர்கள். அம்மாவின் பழைய சேலை ஒன்று அனுப்புங்கள், போர்த்திப் படுக்க. உங்கள் மம்பட்டியும் வேண்டும். இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் கபூர் நானாவின் லொறி கிளம்புகிறது, திரும்பி வரும்போது அவரிடமே கொடுத்துவிடுங்கள். அம்மா கேட்டால் மழைத்தண்ணி ஓடக் கான் வெட்ட என்று சொல்லுங்கள்.

மேனகா