மேல்படியின் சாய்வு

பேர்ண், 19.01.2025

அன்பின் ஸுமைரா,

நலமா? உன்னவர் ரிஸ்மி அண்ணா சுகமா? இங்கே ஒரே பனி. என் ஆய்வை ஏப்ரல் மாநாட்டுக்கு எடுத்துவிட்டார்கள். ஹுன்னஸ்கிரியவுக்குக் கீழே, ஆற்றுக்கு வெகு உயரத்தில் கூழாங்கல் பதிந்த படிமேடை ஒன்றை வானிலிருந்து எடுத்த படங்களில் கண்டேன். ஒரு காலத்தில் ஆறு ஓடிய தளம் அது. அந்தக் கரையில் மட்டும் நிலமே எழும்பியிருக்கிறது என்று எழுதியிருக்கிறேன். எதிர்க்கரையைக் காடு மறைக்கிறது. அங்கும் படி உண்டா என்று நேரில் பார்த்துச் சொல்வாயா? உன்னைவிட்டால் எனக்கு யார்?

அன்புடன்,
மதனி

வத்தேகம, 12.02.2025

அன்புள்ள மதனி,

அல்லாஹ்வின் கிருபையால் சுகம். பேராதனையில் ஒரே மேசையில் புவிச்சரிதவியல் படித்தோம். புலமைப்பரிசில் உனக்கு, தரம் எட்டுப் பிள்ளைகள் எனக்கு. பஸ் ஏறினால் நான் போய்ச்சேரும் ஆற்றை நீ சுவிஸிலிருந்து ஆராய்கிறாய். வயிறு எரிகிறது. மறைத்து என்ன செய்ய?

போன ஞாயிறு ரிஸ்மியோடு போனேன். எதிர்க்கரையிலும் படி இருக்கிறது. அதே உயரம், அதே கூழாங்கல். ஆகவே ஒரு கரையில் மட்டும் நிலம் எழும்பிய கதை நிற்காது. மழை குறைந்த காலத்தில் ஆறு கல்லைக் குவித்திருக்கிறது. மழை பெருத்ததும் அதை அறுத்துக்கொண்டு கீழே இறங்கியிருக்கிறது.

"என்ன புள்ள, கல்லப் பாத்து இப்பிடிச் சிரிக்கிற?" என்றார் ரிஸ்மி.

"மதனிட கணக்குப் பிழச்சிட்டு."

"அவ ஒன்ட கூட்டாளி தானே?"

திரும்பும் வழியில், எழுதாமலே விட்டால் மாநாட்டில் யாராவது கேட்பார்கள், நீ திகைத்து நிற்பாய் என்று நினைத்துப் பார்த்தேன். நினைக்க நினைக்க இனித்தது. அந்த இனிப்புக்குப் பயந்துதான் எழுதுகிறேன்.

ஸுமைரா

பேர்ண், 20.06.2025

என் ஸுமைராவுக்கு,

என் மானத்தைக் காப்பாற்றினாய். மழையின் கதையாகவே மாற்றி எழுதினேன், நல்ல பாராட்டு. மாநாட்டு இதழிலும் வந்துவிட்டது. உன் பேரைச் சேர்க்கக் கேட்டேன். "உள்ளூர் ஆசிரியை ஒருவருக்கு நன்றி" என்று பேராசிரியர் முடித்துவிட்டார். கோபிக்காதே.

ஆகஸ்டில் குழுவோடு வருகிறேன். இன்னும் மேலே பழைய படி ஒன்று இருக்குமோ என்று சந்தேகம். நீ ஏறி அளந்து வைத்தால் பெரிய உதவி.

மதனி

வத்தேகம, 06.07.2025

மதனி,

கட்டுரையை வாசித்தேன். "உள்ளூர் ஆசிரியை" யாரென்று என் வகுப்புப் பிள்ளைகளிடம் கேட்டால்கூடச் சொல்வார்கள். அன்றைக்கு அடுப்பில் கறி கருகியது.

மேல்படிக்கு உன் கடிதம் வருமுன்பே, ஏப்ரல் விடுமுறையிலேயே ஏறிவிட்டேன். ஆறு கிழக்கே இறங்க, அந்தப் படி மேற்கே சாய்ந்து கிடக்கிறது. இரு கரையிலும் அதே சாய்வு, எனவே மண்சரிவு இல்லை. மழை ஒரு தளத்தை அப்படிச் சாய்க்காது, நிலம்தான் அசைந்திருக்கிறது. நீ முதலில் நினைத்ததில் பாதி சரி, பார்த்த படிதான் வேறு.

அளந்து, வரைந்து, கொழும்பு ஆய்விதழ் ஒன்றுக்கு அனுப்பினேன். நேற்று ஏற்றுக்கொண்டார்கள். எழுதியவர் ஒருவரே.

இதை வாசிக்கையில் உனக்கு எங்கேயாவது எரிந்தால், இத்தனை வருடம் எனக்கு எரிந்ததும் அங்கேதான்.

ஆகஸ்டில் வீட்டுக்கு வா. வட்டிலப்பம் செய்து வைப்பேன். மலைக்கு மட்டும் என்னைக் கூப்பிடாதே. நன்றி சொல்ல வேறோர் ஆசிரியையைத் தேடிக்கொள்.

ஸுமைரா ரிஸ்மி